தொப்புள் எதுக்குன்னு கேக்கறவங்களுக்கு

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் வந்து. ஆபீஸ்ல ஆணி அதிகம். மார்ச் க்ளோசிங், அதுக்கப்புறம் ஆடிட், அதுக்கப்புறம் ஆடிட்டுக்குப் பதில் எழுதறதுன்னு மூணு மாசம் ஓடிப்போச்சு. வழக்கமா நான் என்ன எழுதுவேன்னு உங்களுக்கே தெரியும். எஃப்.டி. வட்டி, போபோடி மழை, கட்கி பஜார்ல கிடைக்கிற முருங்கைக்காய், மெட்ரோல காதுல விழுந்த வம்பு. இன்னிக்கு அது எதுவும் கிடையாது. கொஞ்சம் கோபமா எழுதப் போறேன். தலைப்பைப் பாத்துட்டு ஏதோ சினிமாப் பதிவுன்னு ஓடி வந்தவங்க மன்னிக்கணும்.

முதல்லயே சொல்லிடறேன், இது தங்கமணி சம்பந்தப்பட்ட விஷயம். அவங்க முழுசாப் படிச்சுப் பாத்து, ரெண்டு பத்தியை வெட்டச் சொல்லி, "இப்பப் போடுங்க, நாலு பொம்பளைங்களுக்கு உபயோகமா இருக்கும்"னு சொன்னதுக்கு அப்புறம்தான் ஏத்தறேன்.

சரி, கொசுவத்தியைச் சுத்துவோம்.

எங்க ரெண்டாவது பொறந்தப்ப சிசேரியன். அதுக்கப்புறம் தங்கமணிக்குத் தொப்புள்ல ஒரு சின்ன வீக்கம். முதல்ல கோலிக்குண்டு சைஸ்ல இருந்தது, பத்துப் பன்னெண்டு வருஷத்துல எலுமிச்சம்பழம் சைஸ் ஆயிடுச்சு. இருமினா வெளிய வரும், படுத்தா உள்ள போகும். "வலிக்கலை, விடுங்க"ன்னே காலத்தைத் தள்ளிட்டாங்க. போன வருஷம் அரிசி மூட்டையை நகர்த்தினப்போ வலி தாங்கலை. டாக்டர் பாத்துட்டு தொப்புள்ல குடலிறக்கம்னார். அதாவது அம்பிலிகல் ஹெர்னியா. தொப்புள்கொடி வயித்துச் சுவரைத் தாண்டி உள்ள போற இடம் பிறவியிலேயே கொஞ்சம் பலவீனமான இடம். பிள்ளை பெறும்போது வயிறு விரிஞ்சு அந்த ஓட்டை பெருசாகும். அது வழியா உள்ள இருக்கற கொழுப்போ குடலோ எட்டிப் பாக்கும். குடல் அதுல மாட்டிக்கிட்டு ரத்த ஓட்டம் நின்னுட்டா உயிருக்கே ஆபத்து. அதனால ஆபரேஷன் அவசியம். இதுல எனக்கு எந்தக் கருத்து வேறுபாடும் இல்லை.

ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சது. எட்டாம் நாள் கட்டுப் பிரிச்சாங்க. தங்கமணி குனிஞ்சு பாத்தாங்க. வயித்துக்கு நடுவுல நேரா ஒரு கோடு. தபால் கவரை ஒட்டின மாதிரி. தொப்புள் இல்லை.

"தொப்புள் எங்கே?"ன்னு கேட்டாங்க. தமிழ்லதான் கேட்டாங்க. பதட்டத்துல வேற பாஷை வருமா? நான் இந்தியில டாக்டர்கிட்ட கேட்டேன். "மேல இருந்த தோல் ரொம்ப மெலிஞ்சு போயிருந்தது, எடுக்க வேண்டியதாப் போச்சு. ஹெர்னியா சரியாயிடுச்சு, அதுதானே முக்கியம்? இந்த வயசுல தொப்புள் எதுக்கு?" சிரிச்சுக்கிட்டே சொன்னார். நல்ல மனுஷன்தான், கெட்ட எண்ணத்துல சொல்லலை. அதுதான் எனக்குப் பிரச்சினையே. கெட்டவன் சொல்லியிருந்தா ரெண்டு வார்த்தை கத்திட்டு வந்திருப்பேன்.

வீட்டுக்கு வந்து நான் என்ன சொன்னேன் தெரியுமா? "உயிருக்கு ஒண்ணும் ஆகலையே, விடு." ஊர்லேர்ந்து எங்கம்மா போன்ல, "ரெண்டு புள்ள பெத்தாச்சு, இனிமே அதை யாருக்குக் காட்டப் போறா?"ன்னாங்க. ஸ்பீக்கர்ல இருந்தது. தங்கமணி கேட்டுக்கிட்டே இட்லித் தட்டுக்கு எண்ணெய் தடவிக்கிட்டிருந்தாங்க.

ஒரு மாசம் கழிச்சு ஒரு நாள் ராத்திரி சொன்னாங்க. "எங்கம்மா போய் ஆறு வருஷம் ஆச்சு. அவங்க கூட நான் ஒட்டி இருந்தேங்கறதுக்கு என் உடம்புல இருந்த ஒரே தழும்பு அதுதாங்க. அதை எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருக்கலாம் இல்ல?"

எனக்குப் பதில் வரலை. இன்னும் வரலை. அதனாலதான் இந்தப் பதிவு.

இந்த 'யாருக்குக் காட்டப் போற'ங்கற கேள்வியைக் கொஞ்சம் பிரிச்சு மேய்வோம். உடம்புல ஒரு பாகம் இருக்கறதே அடுத்தவன் பாக்கறதுக்குத்தாங்கற எண்ணம் அதுக்குள்ள இருக்கு. பாக்க ஆள் இல்லைன்னா அந்தப் பாகம் வேஸ்ட்டு. இதை நமக்கு யார் சொல்லிக் கொடுத்தது? நம்ம சினிமாதான், சந்தேகமே வேண்டாம். 1992-ல வந்த 'சின்ன கவுண்டர்'ல சுகன்யா தொப்புள்ல விஜயகாந்த் பம்பரம் விட்டதை முப்பது வருஷம் தாண்டியும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறோம். திரையில ஆப்பிள் உருட்டறதுக்கும் ஆம்லெட் போடறதுக்கும் தொப்புள் வேணும். நிஜத்துல நாப்பத்தி மூணு வயசுப் பொம்பளை "என் தொப்புள் எங்கே"ன்னு கேட்டா அசிங்கம், ஆடம்பரம்!

இன்னொரு பக்கம் மேடையைப் பாருங்க. மைக் பிடிச்சா 'தொப்புள்கொடி உறவு'ன்னு முழங்காத தலைவர் உண்டா? நம்ம வீடுகள்ல குழந்தைக்குத் தொப்புள்கொடி காஞ்சு விழுந்தா அதை வெள்ளித் தாயத்துல அடைச்சு வெப்போம். எங்க பீரோவுல ரெண்டு தாயத்து இருக்கு. குழந்தைக்குத் தொப்புள் கொஞ்சம் வெளிய தள்ளியிருந்தா காசு வெச்சுக் கட்டுவோம். (அது வீண் வேலை, தோல் புண்ணாகும்னு டாக்டர்கள் சொல்றாங்க. கைக்குழந்தைக்கு வர்ற இந்த வீக்கம் பெரும்பாலும் நாலஞ்சு வயசுக்குள்ள தானாவே மூடிக்கும்.) கொடிக்கு இவ்வளவு மரியாதை. அது இருந்த இடத்துக்கு மட்டும் ஒண்ணுமில்லையா?

மராத்தியில தொப்புளுக்கு 'பேம்பி'. நாம 'அடிவயித்துலேர்ந்து கத்தினான்'னு சொல்றதை இவங்க 'பேம்பியோட காம்புலேர்ந்து கத்தினான்'னு சொல்வாங்க. மனுஷனோட குரல் கிளம்பற இடமே அதுன்னு ஒரு பாஷை நெனைக்குது பாருங்க.

இப்ப விஷயம் தெரியாதவங்களுக்குக் கொஞ்சம் விளக்கம். நானும் இந்த ஆறு மாசத்துல படிச்சும் டாக்டர்கள்கிட்ட கேட்டும்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

ஹெர்னியா ஆபரேஷன்னாலே தொப்புள் போயிடும்னு நெனைக்காதீங்க. சாதாரணமா தொப்புளுக்குக் கீழயோ மேலயோ பிறை மாதிரி ஒரு கீறல் போட்டு, தொப்புள் தோலை அடியிலேர்ந்து பிரிச்சு ஒதுக்கி வெச்சுட்டு, ஓட்டையை அடைப்பாங்க. பெரிய ஓட்டைன்னா மெஷ்ங்கற வலை வெப்பாங்க. முடிச்சதும் தொப்புளோட அடிப்பக்கத்தைப் பழையபடி உள்சுவரோட சேத்துத் தெச்சுடுவாங்க. குழி அப்படியே இருக்கும். 1901-ல அமெரிக்காவில் வில்லியம் மேயோங்கற சர்ஜன், கோட்டோட ரெண்டு பக்கத்தை ஒண்ணு மேல ஒண்ணா போட்டு பொத்தான் மாட்டற மாதிரி வயித்துச் சுவரைத் தெக்கற முறையை எழுதி வெச்சார். அந்தக் காலத்து முறையில தொப்புளையும் சேத்து எடுக்கறது சகஜம். அதுலேர்ந்து மருத்துவம் ரொம்ப தூரம் வந்தாச்சு.

எடுத்தே ஆக வேண்டிய கேஸும் உண்டு. தோல் காகிதம் மாதிரி மெலிஞ்சிருந்தா, புண்ணாயிருந்தா, புற்றுநோய் இருந்தா எடுக்கத்தான் வேணும். அப்பவும் புதுசா ஒண்ணு கட்ட முடியும். அம்பிலிக்கோபிளாஸ்டின்னு பேரு. சுத்தியிருக்கற தோலையே சின்னச் சின்ன இதழா வெட்டி, அடியில இருக்கற கொழுப்பைக் குறைச்சு, இதழ்களை உள்பக்கமா மடிச்சு வயித்துச் சுவரோட தெச்சுடறாங்க. குழி விழுந்துடும். அது மூடிக்காம இருக்கக் கொஞ்ச நாளைக்குப் பஞ்சோ துணியோ உருட்டி உள்ள வெச்சுக் கட்டுவாங்க. வயித்துச் சதையைக் குறைக்கற ஆபரேஷன்ல தொப்புளை அது இருந்த இடத்துலயே விட்டுட்டு, கீழ இழுத்த தோல்ல புது வாசல் வெட்டி வெளிய எடுக்கறதும் ரொம்ப நாளா நடக்கறதுதான். 1957-ல வெர்னான்ங்கற சர்ஜன் அதைப் பத்தி எழுதியிருக்கார். குடல் வெளியில இருக்கற மாதிரிப் பொறக்கற குழந்தைகளுக்குக் குழந்தை சர்ஜன்கள் உயிரைக் காப்பாத்தறதோட நிறுத்தாம, முடிஞ்ச வரைக்கும் ஒரு தொப்புளையும் அமைச்சுக் கொடுக்கறாங்க. அந்தக் குழந்தையைப் பாத்து 'யாருக்குக் காட்டப் போற'ன்னு ஒருத்தரும் கேக்கறதில்லை.

செக் நாட்டு மாடல் கரோலினா குர்கோவாவுக்குச் சின்ன வயசுல நடந்த ஆபரேஷனால தொப்புள் சரியா கிடையாது. விளம்பரப் படங்கள்ல கம்ப்யூட்டர்ல வரைஞ்சு சேத்தாங்கன்னு செய்தி வந்தது. விளம்பரக்காரனாலயே தொப்புள் இல்லாத வயித்தைத் தாங்கிக்க முடியலை. தினம் குளிக்கும்போது அதைத் தொட்டுப் பாக்கற பொம்பளை மட்டும் தாங்கிக்கணும்!

இனி எதிர்வாதங்கள். இதெல்லாம் என்கிட்ட நேரடியா சொல்லப்பட்டவைதான்.

வாதம் 1: "இது அழகுக்காகப் பண்றது. இல்லைன்னாலும் வாழலாம்."

இல்லைன்னாலும் வாழலாம், ஒத்துக்கறேன். மூக்கோட நுனி இல்லைன்னாலும் வாழலாம். நான் இருக்கற ஊரோட கதையையே சொல்றேன், கேளுங்க. கவாஸ்ஜின்னு ஒரு மராட்டிய மாட்டு வண்டிக்காரர். 1792 மைசூர்ப் போர்ல ஆங்கிலேயப் படையோட போனவரை திப்பு சுல்தானோட ஆட்கள் பிடிச்சு மூக்கையும் ஒரு கையையும் வெட்டிட்டாங்க. ஒரு வருஷத்துக்கு மேல மூக்கில்லாமலே இருந்தார். அதுக்கப்புறம் இந்தப் புனே பக்கத்துல செங்கல் சூளைச் சாதியைச் சேர்ந்த ஒரு வைத்தியர், அவரோட நெத்தித் தோலை மடிச்சு இறக்கிப் புது மூக்கு கட்டிக் கொடுத்தார். அதை நேர்ல பாத்த வெள்ளைக்கார டாக்டர்கள் மூலமா விஷயம் லண்டன் போய், 1794 அக்டோபர்ல 'ஜென்டில்மேன்ஸ் மேகசின்'ல படத்தோட வந்தது. அதைப் படிச்ச கார்ப்யூங்கற சர்ஜன் 1814-ல லண்டன்ல அதே மாதிரி பண்ணிக் காட்டினார். ஐரோப்பாவுல நவீன பிளாஸ்டிக் சர்ஜரி வளந்த கதையில இது முக்கியமான அத்தியாயம். சுஸ்ருதர் காலத்துலேர்ந்தே நமக்குத் தெரியும்னு மேடைக்கு மேடை பெருமையும் பேசறோம். கவாஸ்ஜிகிட்ட அந்தச் சூளைக்காரர் "மூச்சு வருதுல்ல, அப்புறம் மூக்கு எதுக்கு?"ன்னு கேட்டிருந்தா அந்தப் பெருமை நமக்கு வந்திருக்குமா?

நம்ம தமிழ்நாட்டுக்கு வாங்க. வேலூர் சி.எம்.சி.யில 1940-கள் கடைசியிலேர்ந்து டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளோட மடங்கிப்போன விரல்களை ஆபரேஷன் பண்ணி நிமித்தினார். அதோட நிறுத்தலை. விழுந்த புருவத்துக்கும் அமுங்கின மூக்குக்கும் ஆபரேஷன் பண்ணினாங்க. நோய் குணமான பிறகும் முகத்தைப் பாத்து ஊர் ஒதுக்கி வெச்சது, வேலை கொடுக்கலை. புருவம் வந்தப்புறம்தான் அவங்களுக்கு வாழ்க்கை வந்தது. புருவம் காஸ்மெடிக்கா, சிகிச்சையா? சொல்லுங்க பாப்போம்.

வாதம் 2: "இதெல்லாம் பணக்காரங்க விளையாட்டு."

2018-ல சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில மார்பகச் சீரமைப்பு ஆபரேஷனை ஏழைகளுக்கும் இலவசமாச் செய்ய ஆரம்பிச்சப்ப, அரசுப் பணத்துல அழகு சிகிச்சையான்னு ஒரே கேலி. தாங்க முடியாத பாரத்துல முதுகு வலியோட இருக்கற பொம்பளைக்கு அது என்னன்னு கேலி பண்ணினவங்களுக்குத் தெரியுமா? பணம் உள்ளவ செஞ்சுக்கிட்டா ஃபேஷன், இல்லாதவ கேட்டா திமிரு. இந்தக் கணக்கு எந்த லெட்ஜர்லயும் டேலி ஆகாது.

இன்னொண்ணும் சொல்லிடறேன். இருபது வயசுப் பொண்ணுகிட்ட "உன் தொப்புள் நீளவாக்குல இல்லை, வா மாத்தித் தரேன்"னு கூப்பிடற கடைக்காரங்களுக்கு நான் வக்காலத்து வாங்கலை. உள்குத்து எதுவும் தேடாதீங்க. இல்லாத குறையைச் சொல்லிக் காசு பாக்கறது ஒரு வியாபாரம். ஆபரேஷன்ல எடுத்ததைத் திருப்பிக் கேக்கறது வேற. ரெண்டையும் ஒரே தலைப்புல போட்டு 'காஸ்மெடிக்'னு முத்திரை குத்தறதுதான் என் கோபம்.

வாதம் 3: "இன்ஷூரன்ஸ் தராது."

இது என் ஏரியா. 2019 செப்டம்பர்ல ஐ.ஆர்.டி.ஏ.ஐ. எல்லா கம்பெனிக்கும் பொதுவான விலக்குப் பட்டியல் போட்டது. அதுல 8-ஆம் நம்பர் காஸ்மெடிக் சர்ஜரி. தோற்றத்தை மாத்தற சிகிச்சைக்குக் காசு கிடையாது. விதிவிலக்கு எதுக்குன்னா, விபத்து, தீக்காயம், புற்றுநோய் இதுக்கெல்லாம் அப்புறம் செய்யற சீரமைப்பு. இல்லேன்னா உடல்நலத்துக்கு நேரடியான, உடனடியான ஆபத்தை நீக்கற சிகிச்சையோட பகுதியா இருக்கணும், அதை டாக்டர் சான்றிதழா எழுதித் தரணும். பாத்தீங்களா? லாரி மோதி தொப்புள் போனா சீரமைப்பு. கம்பெனியே காசு கொடுத்த ஆபரேஷன்ல போனா காஸ்மெடிக். நாங்க பின்னாடி தனியா விசாரிச்சப்ப எங்க கம்பெனி கொடுத்த பதில் ஒரே வரி: எட்டாம் நம்பர் விலக்கு.

ஹெர்னியா பண்ணும்போதே, அதே மேஜையில, அதே மயக்கத்துல தொப்புளையும் கட்டியிருந்தா தனி அட்மிஷன் கிடையாது, தனி க்ளெயிமும் தேவைப்படாது. அன்னிக்கு ஒருத்தர் ஒரு கேள்வி கேட்டிருந்தாப் போதும்.

வாதம் 4: "வலை வெச்ச இடத்துல கூடுதல் வேலை பண்ணினா இன்ஃபெக்ஷன் வரும்."

இது ஒண்ணுதான் நியாயமான வாதம். புதுசாக் கட்டின தோல் கறுத்து அழுகலாம், சீழ் பிடிக்கலாம், நாளாக நாளாகக் குழி தட்டையாகலாம். சர்க்கரை, சிகரெட் உள்ளவங்களுக்கு ஆபத்து ஜாஸ்தி. வலையில இன்ஃபெக்ஷன் வந்தா பெரிய தலைவலி. அதனால "உங்களுக்கு இப்ப வேண்டாம், பின்னாடி பாக்கலாம்"னு டாக்டர் சொன்னா அது மரியாதையான பதில். காரணம் சொல்லி வேண்டாங்கறது வேற, "உனக்கு எதுக்கு?"ங்கறது வேற.

இப்ப என் பங்குக்கு வரேன். இதைத்தான் எழுதாம மூணு மாசம் ஆணியைச் சாக்குச் சொல்லிக்கிட்டிருந்தேன்.

அட்மிஷன் கவுன்டர்ல நாலு பக்கம் ஃபாரம் கொடுத்தாங்க. ஒரு பக்கம் ஆங்கிலம், ஒரு பக்கம் மராத்தி. தங்கமணிக்கு இந்தி சமாளிக்க வரும், மராத்தி காய்கறிக்காரர்கிட்ட பேசற அளவுக்கு. ஆங்கிலத்துல பேனாக் கிறுக்கல்னா கஷ்டம். எனக்கோ கேஷ்லெஸ் அப்ரூவல் வரணுமேன்னு கவலை, போன்ல டி.பி.ஏ. ஆள். நான் விரல் வெச்ச இடத்துல எல்லாம் அவங்க கையெழுத்துப் போட்டாங்க. சாட்சின்னு நானும் போட்டேன். பின்னாடி காப்பியை வாங்கிப் பாத்தா மூணாவது பக்கத்துல ஆங்கிலத்துல கையால எழுதியிருக்கு: 'தொப்புளை நீக்கியோ நீக்காமலோ.'

ஆக, காகிதத்துல எல்லாம் சரியா இருக்கு. என் கையெழுத்தே இருக்கு.

நான் பி.காம். படிச்ச நாள்லேர்ந்து 'படிக்காம கையெழுத்துப் போடாதே'ன்னு ஊருக்கே உபதேசம் பண்ற ஆள். எங்க தொழில்ல 2024 அக்டோபர்லேர்ந்து எந்த ரீடெயில் லோனுக்கும் கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட்னு ஒரு தாள் கொடுத்தாகணும், ரிசர்வ் வங்கி உத்தரவு. கடன் வாங்கறவருக்குப் புரியற பாஷையில இருக்கணும். விளக்கிச் சொல்லணும். புரிஞ்சதுன்னு அவர்கிட்ட எழுதி வாங்கணும். அந்தத் தாள்ல இல்லாத ஒரு சார்ஜை அவர் சம்மதம் இல்லாம பின்னாடி போட முடியாது. அம்பதாயிரம் ரூபாய்க் கடனுக்கு இவ்வளவு காவல். உடம்புலேர்ந்து ஒரு பாகத்தை எடுக்கறதுக்கு ஒரு கிறுக்கல் வரி!

சட்டம் இல்லாமலும் இல்லை. 2008 ஜனவரியில உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பு கொடுத்தது. பரிசோதனைக்காக மயக்க மருந்து கொடுக்கப்பட்ட 44 வயசுப் பெண்ணுக்கு, வெளியில இருந்த அம்மாகிட்ட சம்மதம் வாங்கிட்டு கர்ப்பப்பையையும் சினைப்பையையும் எடுத்துட்டாங்க. உயிரைக் காப்பாத்தற அவசரம் இல்லாதப்ப ஒரு சிகிச்சைக்குக் கொடுத்த சம்மதம் இன்னொண்ணுக்குச் செல்லாது, சுயநினைவோட முடிவெடுக்கக்கூடிய பெண்ணுக்காக அம்மா கொடுக்கற சம்மதமும் செல்லாதுன்னு நீதிமன்றம் சொன்னது. என்ன செய்யப் போறோம், எதுக்கு, வேற வழி என்ன, ஆபத்து என்னன்னு நோயாளிகிட்ட போதுமான அளவு சொல்லணும்னும் சொன்னது. கவனிங்க, நோயாளிகிட்ட. புருஷன்கிட்ட இல்லை.

நம்மள மாதிரி ஊர் விட்டு ஊர் வந்த குடும்பங்கள்ல இதுதான் தினம் நடக்குது. பாஷை தெரிஞ்சவர் புருஷன், அதனால டாக்டர் புருஷன்கிட்ட பேசுவார். புருஷன் அதுல பாதியை வீட்டுக்காரிகிட்ட சொல்வார். மீதிப் பாதியில தொப்புள் போயிடும். கர்ப்பப்பை போயிடும். "நீ பயந்துடுவேன்னுதான் சொல்லலை"ன்னு ஒரு சமாதானம் வேற. போபோடி, கட்கி, தாபோடின்னு எத்தனை தமிழ்க் குடும்பம் இருக்கோம், நம்ம வீட்டுக் கதையை நாமளே ஒரு தடவை யோசிச்சுப் பாப்போம்.

அதனால சொல்றேன். நாளைக்கு உங்க வீட்டுல யாருக்காவது வயித்துல ஆபரேஷன்னா, கையெழுத்துக்கு முன்னாடி, ஆபரேஷன் யாருக்கோ அவங்களையே பக்கத்துல உக்கார வெச்சு இதைக் கேளுங்க:

1. தொப்புளை வெச்சுக்கிட்டே பண்ண முடியுமா? முடியாதுன்னா என்ன காரணம்?

2. எடுத்தா அதே ஆபரேஷன்லயே புதுசு கட்ட முடியுமா? நீங்களே செய்வீங்களா, பிளாஸ்டிக் சர்ஜனைக் கூப்பிடுவீங்களா?

3. வலை வெக்கறதால எங்க விஷயத்துல ஆபத்து கூடுமா? கூடும்னா எத்தனை மாசம் கழிச்சுப் பண்ணலாம்?

4. தழும்பு எங்க வரும், எவ்வளவு நீளம்? ஒரு பேப்பர்ல வரைஞ்சு காட்டுங்க.

5. இது ஆபரேஷனோட பகுதி, அவசியம்தான்னு நீங்க நெனைச்சா, கேஸ் ஷீட்டுல எழுதுவீங்களா?

பாஷை பிரச்சினைன்னா தமிழ் தெரிஞ்ச நர்ஸையோ, சொந்தத்துல படிச்ச பொண்ணு யாரையாவது போன்லயோ பிடிச்சு, நேரடியா அவங்களுக்கே சொல்ல வைங்க. நடுவுல நாம புகுந்து சுருக்கம் எழுத வேண்டாம். இன்ஷூரன்ஸ் கம்பெனி மறுத்தா முதல்ல கம்பெனிக்கே எழுத்துல புகார் கொடுங்க. அப்பவும் சரியாகலைன்னா இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் இருக்கார், புனேயிலயே ஆபீஸ் இருக்கு, பைசா செலவில்லை. ஜெயிப்போமோ தோப்போமோ, எட்டாம் நம்பர்னு ஒரே வரியில முடிக்கறவங்க நாலு வரியாவது எழுத வேண்டி வரும்.

தங்கமணி என்ன முடிவு பண்ணினாங்கன்னு கேப்பீங்க. வேற ஒரு பிளாஸ்டிக் சர்ஜனைப் பாத்தோம். இந்தத் தடவை நான் வாயைத் திறக்கலை. அவங்களே அரைகுறை இந்தியில அரை மணி நேரம் கேட்டாங்க. அந்த அம்மா பொறுமையா வரைஞ்சு காட்டினாங்க. தழும்பு நல்லா ஆறட்டும், அந்த இடத்தை மட்டும் மரத்துப்போக ஊசி போட்டே செஞ்சுடலாம்னாங்க. பெரியவளோட பன்னெண்டாவது பரீட்சை முடிஞ்சதும்னு நாள் குறிச்சிருக்கோம். ஒரு எஃப்.டி.யை முதிர்வுக்கு முன்னாடியே உடைச்சேன், ஒரு பர்சன்ட் பெனால்டி. நான் கட்டினதுலயே நியாயமான பெனால்டி அதுதான்.

"எதுக்குன்னு யாராவது கேட்டா என்ன சொல்லட்டும்?"னு கேட்டேன். "எனக்கு வேணும்னு சொல்லுங்க"ன்னாங்க. இதுக்கு மேல ஒரு காரணம் தேவையில்லைன்னு புரிய எனக்கு ஆறு மாசம் ஆச்சு.

போன ஞாயித்துக்கிழமை எங்கம்மாகிட்ட நானே எல்லாத்தையும் சொன்னேன், அவங்க அம்மா தழும்புன்னு சொன்னதையும் சேத்து. அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "என்னைக்குடா ஆபரேஷன்? டிக்கெட் போடு, நான் வந்து இருக்கேன். அவ எந்திரிக்கிற வரைக்கும் சமையலுக்கு ஆள் வேணுமில்ல?"ன்னாங்க.

டிக்கெட் போட்டாச்சு.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, லோன் ஆபீசர். மருத்துவ சந்தேகத்தை மருத்துவர்கிட்டதான் கேக்கணும். எந்த ஆஸ்பத்திரி, எந்தக் கம்பெனின்னு பின்னூட்டத்துல கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். ஃபாரத்துல இருக்கறது என் கையெழுத்து, முதல் குற்றவாளியும் நான்தான்.